மேல்மலைத் தராசு ஏன் ஆடியது

என் மகளுக்கு,

பதுளை பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் உன் அம்மாவும் லுணுகலைப் பாதையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "தராசு விசயத்த கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்ச புள்ள ஒங்க மகதானே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். உடனே அவர் எனக்கே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் கதையில் நீ துரையோடு சண்டை போட்டாய், பொலிஸ் வந்தது, தராசைத் தூக்கி ஆற்றில் போட்டாய். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இப்படியே விட்டால் அடுத்த தைப்பொங்கலுக்குள் நீ துரையையும் ஆற்றில் போட்டிருப்பாய். தோட்டத்து வாசகசாலைக்காரர்கள் வேறு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்க என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நடந்தபடி உனக்கே ஒரு கடிதமாக எழுதுவோம், ஊரும் படித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கும் சேர்த்து எழுதுவதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம் தேயிலைத் தோட்டத்தில் மேட்டில் இருப்பது மேல்மலை, ஆற்றுப் பக்கம் இறங்குவது கீழ்மலை. உன் அம்மா மேல்மலையில் கொழுந்து எடுக்கிறாள். மாதர் சங்கத் தலைவியும் அவள்தான். நான் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். மலையில் நடப்பதெல்லாம் எனக்குச் சோற்றோடு சேர்ந்து வருகிற செய்தி. எடுத்த கொழுந்தை மலையிலேயே தராசில் தொங்கவிட்டு நிறுத்து, கணக்கப்பிள்ளை அவரவர் பேருக்கு நேரே கிலோவைப் போடுவார். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. அதைத் தொட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், தொடாவிட்டால் அரைப் பேர். இன்றைக்கு ஒரு கிலோ குறைந்தால் அரை நாள் உழைப்பு போய்விடும். நாளைக்கு ஒரு கிலோ கூடினால் அந்த அரை நாள் திரும்பி வராது, மேலதிகக் கிலோவுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பெண்கள் ஏன் கொதித்தார்கள் என்று விளங்கும்.

இரண்டு மலைக்கும் புதுத் தராசு வந்தது. முள் ஓடுகிற பழைய தராசு போய், சிவப்பில் எண் காட்டுகிற மின் தராசு. அதே சமயத்தில் மேல்மலைக்குப் புதுக் கணக்கப்பிள்ளையும் வந்தார். சுரங்க என்று பெயர், மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பையன், தமிழ் அரைகுறை. முள்ளென்றால் கண்ணால் பார்க்கலாம், பெட்டிக்குள் மின்னுகிற எண்ணை எப்படி நம்புவது என்று மேல்மலைப் பெண்களுக்குச் சந்தேகம். அதுவரை பாதை வளைவில், மண்மேட்டை ஒட்டியிருக்கிற கொழுந்து மடுவக் கொட்டகையில்தான் நிறுவை நடந்தது. அதை மேட்டின் உச்சியில் இருக்கிற முனியாண்டி கல்லுக்கு முன்னால் மாற்றிக்கொண்டார்கள். சாமி பார்த்துக்கொண்டிருக்க எவன் கள்ளக் கணக்குப் போடுவான் என்று எண்ணம். சுரங்கவும் மறுப்புச் சொல்லவில்லை, மூன்று கம்பை நட்டுத் தராசை அங்கேயே மாட்டிவிட்டார்.

ஆடி பிறந்ததும் புகார் தொடங்கியது. முதுகில் சுமந்தவளுக்குப் பாரம் தெரியாதா? நேற்று இதே அளவு எடுத்தேன், இன்றைக்கு இவ்வளவு குறைகிறதே என்று ஒருத்தி. பாக்கியம் அக்காவுக்கு ஒரே வாரத்தில் அரைப் பேர் மேல் அரைப் பேர். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனார்கள். அவர் இரண்டு மலையின் கணக்கையும் கூட்டி வகுத்துப் பார்த்து, ஆளுக்கு விழுகிற சராசரி ஒன்றுதான், தராசில் குறை இல்லை என்று அனுப்பிவிட்டார். துரையும் கூட்டுக் களவாணி என்று முடிவாகிவிட்டது. சுரங்க கொழுந்து திருடுகிறான், அவனை எடுக்க வேண்டும் என்று எழுதி அம்மா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். சில வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று குறித்தார்கள். அதற்குள் அவன் போகாவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கள்ளன் என்று பேர் வாங்கிப் போகிற கணக்கப்பிள்ளைக்கு வேறு எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை. அந்தப் பிள்ளையின் பிழைப்பு அதோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானும்தான்.

நீ கம்பஸ் படிப்பு முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டில் இருந்த நாட்கள் அவை. கூட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது, அம்மா துரை சொன்னதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். நீ ரொட்டியைப் பிட்டபடியே, "சராசரி ஒண்ணுன்னா எல்லாம் சரின்னு யாரும்மா சொன்னா?" என்றாய். எங்களுக்கு விளங்கவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். "அம்மா சுடுற ரொட்டி தெனமும் ஒரே தடிப்பு. நீங்க சுட்டீங்கன்னா ஒரு நாள் பப்படம், ஒரு நாள் செருப்பு. ரெண்டு பேரு ரொட்டியவும் கூட்டி வகுத்தா சராசரி ஒண்ணுதான்ப்பா வரும். ஆனா யாரு ரொட்டிய நம்பித் திங்கலாம்?" அம்மா அப்படிச் சிரித்து நான் பல நாள் பார்க்கவில்லை. என் ரொட்டியை வைத்து நீ புள்ளிவிபரப் பாடம் நடத்தியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் துரைக்கு விளங்காதது எனக்கு அன்று விளங்கிவிட்டது. சராசரி பார்த்தால் போதாது, எது எவ்வளவு சிதறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொழுந்து வாடும், தண்ணீர் இறங்கும், அதை நிறுத்துப் பார்த்துப் பயனில்லை என்று ஒரு சாக்கில் கல்லும் மண்ணும் போட்டு வாயைத் தைத்தாய். கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி அந்தச் சாக்கை மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் ஏற்றி இறக்கினாய். ஒவ்வொரு நிறுவை நேரத்திலும் இரண்டு இடத்திலும் அதே சாக்கு, அதே போல் தொங்கவிட்டு, தராசு காட்டுவதை எழுதிக்கொண்டாய். படித்த பிள்ளை மண் மூட்டையோடு திரிகிறது, வரன் தேடுகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். நீ பாட்டுக்குச் சாக்கைச் சுமந்தாய்.

பிறகு ஒரு மாலையில் மடிக்கணினியைத் திறந்து எக்செல்லில் இரண்டு நிரல் போட்டாய், ஒன்று மேல்மலை, ஒன்று கீழ்மலை. நான் எண்ணைப் படிக்கப் படிக்க நீ அடித்தாய். முடிந்ததும் சமன் குறி போட்டு, எஃப் டெஸ்ட் என்று எழுதி, அடைப்புக்குள் முதலில் ஒரு நிரலையும் பிறகு மற்ற நிரலையும் காட்டி விசையை அழுத்தினாய். ஒரே ஓர் எண் வந்தது. பூச்சியம், புள்ளி, அதற்குப் பிறகும் பூச்சியங்கள். எனக்கு மனசு உடைந்துபோனது. "பரவால்ல புள்ள, முட்ட வாங்காத ஆளு யாரு இருக்கா?" என்று முதுகைத் தடவினேன். நீ சிரித்த சிரிப்பில் கணினி கீழே விழப் பார்த்தது. "ஐயோ அப்பா, இது மார்க்கு இல்ல. ரெண்டு மலையிலயும் ஆட்டம் ஒரே அளவுதான்னு வச்சுக்குவோம். அப்படி இருந்தும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு இந்த எண்ணு சொல்லுது. முட்டைக்குக் கிட்ட வந்தா, தற்செயல்னு சொல்ல முடியாதுன்னு அர்த்தம்." நான் எழுந்து அம்மாவைக் கூப்பிடப் போனேன். நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "இருங்கப்பா. ரெண்டும் வேறன்னுதான் இது சொல்லும். எது கூட ஆடுதுன்னு சொல்லாது. அத நாமதான் பாக்கணும்."

பார்த்தால் கீழ்மலைதான் கூடுதலாக ஆடுகிறது என்று வந்தது!  நீ நிரலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனாய். நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு. நான் படிக்கும்போது புள்ளியை விழுங்கியிருக்கிறேன். வேறு யாராவது என்றால் என்னைத் திட்டியிருப்பார்கள், அல்லது விடை வந்துவிட்டதே என்று மூடி வைத்திருப்பார்கள். நீ அந்த எண்ணைத் திருத்தினாய், பிறகு எல்லா எண்ணையும் முதலிலிருந்து நீயே சரிபார்த்தாய், பிறகு மறுபடி சமன் குறி போட்டாய். மறுபடியும் முட்டைகள்தான், ஆனால் இந்தத் தடவை ஆடியது மேல்மலை. நான் தொடையைத் தட்டினேன். "அகப்பட்டான் கள்ளன்!"

நீ சந்தோசப்படவில்லை. "களவெடுக்கிறவன் கொறச்சுத்தானேப்பா போடுவான்? இது ஒரு நேரம் கொறைக்குது, ஒரு நேரம் அள்ளிக் குடுக்குது. எந்தக் கள்ளன் திருப்பிக் குடுப்பான்?" என்றாய். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அரைப் பேர் விழுந்த நாளை எல்லோரும் நினைவில் வைத்திருந்தோம், கூடக் காட்டிய நாளை நம் கைத்திறமை என்று எடுத்துக்கொண்டோம். மறுவாரம் துரையிடம் அனுமதி வாங்கி இரண்டு மலையின் தராசையும் மாற்றி மாட்டினாய். பிறகு ஆளையும் மாற்றி, கீழ்மலைக் கணக்கப்பிள்ளையை மேலே நிறுக்கச் சொன்னாய். ஆட்டம் மேல்மலையை விட்டுப் போகவில்லை. தராசிலும் இல்லை, ஆளிலும் இல்லை என்றால் வேறு எதில்? அதற்கு எக்செல்லில் வழி இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் காலை முழுவதும் நீ முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாய். திரும்பி வரும்போது தலைமுடி பரட்டை, கண்ணெல்லாம் தூசி. "காத்துப்பா" என்றாய்.

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். ஆடிக் காற்றைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? வறண்ட அந்தக் காற்று அடிக்கும்போதுதான் நம் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும். பெக்டரியில் அதற்காகவே காத்திருப்போம். அதே காற்று மேட்டின் மேல் தொங்குகிற சாக்கைப் பிடித்துத் தள்ளும். சாக்கு நிற்குமுன் எண்ணைப் படித்தால் ஒரு நேரம் கூட, ஒரு நேரம் குறைய. பழைய மடுவத்தில் மண்மேடு மறைத்திருந்தது, ஒரு குறையும் இல்லை. ஏமாறக் கூடாது என்று சாமிக்கு முன்னால் கொண்டுபோய் மாட்டி, அதனாலேயே ஏமாந்தோம். நம் ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு காரியம் செய்ய முடியாது.

ஆனால் அங்கே மாட்டச் சொன்னது உன் அம்மா. அதுதான் சிக்கல். துரையிடம் வாதாடி, சாமி முன்னால்தான் நிறுக்க வேண்டும் என்று சாதித்தவள் அவள்தான். அவளை நம்பித்தான் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் நீ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய், குரலை உயர்த்தாமல், ஒன்றையும் மறைக்காமல். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நாளைக்குக் கூட்டத்துல சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். கோபமா, வெட்கமா என்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருசம் கூட வாழ்ந்தும் அவள் முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் மேல்மலை முழுவதும் கூடியிருந்தது. சுரங்கவையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நீ எழுந்து பேசினாய். எஃப் டெஸ்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மண் சாக்கைப் பற்றிச் சொன்னாய், அதில் களவெடுக்க ஒன்றும் இல்லை என்றாய், தராசை மாற்றியதையும் ஆளை மாற்றியதையும் சொன்னாய்.  பாக்கியம் அக்கா பாதியிலேயே எழுந்துவிட்டாள். "படிச்ச புள்ள தொர பக்கம் சாஞ்சிருச்சு! அப்ப எனக்கு விழுந்த அரைப் பேரு எல்லாம் பொய்யா?"

"இல்லக்கா, நெசம். சராசரியப் பாத்து தொர சொன்னதுதான் பெழ. ஒங்களுக்கு அநியாயம் நடந்திருக்கு. ஆனா இவரு செய்யல, அந்த மேட்டுக் காத்து செஞ்சிருக்கு."

"அந்தக் காத்துல கொண்டு போயி தராச மாட்டச் சொன்னது யாரு? இவன்தானே?" என்று அவள் சுரங்கவைக் காட்டினாள். நிறுவை இடம் மாறிய சமயம் பாக்கியம் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகக் கொஸ்லந்தைக்குப் போயிருந்தாள், அவளுக்குத் தெரியாது. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சுரங்கவுக்கும் தெரியும், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு இல்லக்கா" என்றாய் நீ.

"அப்ப யாரு?"

நீ வாயைத் திறக்கவில்லை. அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா மறுபடி கேட்டாள், கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது, பொய் சொல்கிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.  சொல்லித் தொலைத்தால் உன் பேர் தப்பும், அந்தப் பையன் பேரும் தப்பும். நானே எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ அசையாமல் நின்றாய்.

அப்போது பெண்கள் நடுவிலிருந்து உன் அம்மா எழுந்தாள். "நான்தான் சொன்னேன் பாக்கியம். சாமிக்கு முன்னுக்கு நிறுத்தா ஏமாத்தமாட்டாங்கன்னு நெனச்சேன். காத்த நான் நெனைக்கல." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இந்தத் தம்பிக்கு எதிரா நான்தான் கையெழுத்து வாங்கினேன். அதத் திருப்பி வாங்குறதும் நான்தான். நாளைக்கு மடுவத்துல நிறுப்போம். அநியாயமா விழுந்த அரைப் பேருக்கு தொரகிட்ட நானே கேக்குறேன்." யாரோ, அப்ப முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரா என்று கேட்டார்கள். "மேட்டுல இருந்தா மடுவம் தெரியாதா? அவருக்கு என்னா கண்ணு மங்கலா?" என்றாள் அம்மா. முதலில் சிரித்தது பாக்கியம் அக்காதான்.

மிச்சம் ஊருக்கே தெரியும். சுரங்க இன்றைக்கும் மேல்மலைக் கணக்கப்பிள்ளை. நீ விடாமல் மண் சாக்கை மடுவத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்து, மறுபடி எஃப் டெஸ்ட் போட்டாய். இந்தத் தடவை முட்டைகள் இல்லை, ஒன்றில் பாதிக்கு மேல் எண் வந்தது. இனி வித்தியாசமே இல்லை என்று நான் கொண்டாடப் போனேன். "அப்படிச் சொல்ல முடியாதுப்பா. வித்தியாசம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னுதான் சொல்லலாம்" என்றாய். வக்கீலைப் பெற்றுவிட்டேன் என்று கேலி செய்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோசம். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொழும்பில் பெரிய கம்பனி, பெரிய ஆட்கள். உன் அப்பனுக்குத் தெரிந்த புத்தியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சராசரியைக் காட்டி உன்னைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், போகாதே. விடை கையில் வந்த பிறகும் ஒரு தடவை நிரலைத் தடவிப் பார், புள்ளியை விழுங்குகிற அப்பன்மார் எல்லா ஒபிசிலும் இருப்பார்கள். கணக்கு முடிகிற இடத்தில் நீ எழுந்து மேட்டுக்குப் போனாயே, அந்தப் பழக்கத்தை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தலையை ஈரத்தோடு கட்டாதே, இது அம்மா சொல்லச் சொன்னது.

அம்மா சொல்லச் சொல்லாதது ஒன்றும் இருக்கிறது. பஸ்ஸில் அந்த மனுசன் கதையை முடித்து இறங்கிப் போன பிறகு அவள் வெகுதூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. நம் தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கு வருகிற நேரத்தில் தானாகச் சொன்னாள்.

"அன்னைக்கு அவ எம்பேரச் சொல்லியிருக்கலாம். அத்தன பேரும் பொய்க்காரின்னு ஏசுறாங்க, அப்பவும் சொல்லல. நானா எந்திரிக்கட்டும்னு நின்னா. கங்காணி, கணக்கப்பிள்ள, தொர, எத்தன பேர பாத்துட்டேன். நானா எந்திரிக்கிற வரைக்கும் எனக்காக யாருங்க நின்னிருக்கா?"